ஸ்கேன் ரூம்ல அவங்க சொல்லாத அந்த ஒரு விஷயம்

"ஸ்கேன்ல பையனா பொண்ணான்னு உங்க ஊர்ல இன்னும் ஏன் சொல்ல மாட்டேங்கறாங்க, இது எந்தக் காலம்?" வெளிநாட்டுல இருக்கற சொந்தக்காரங்க யார் மாசமானாலும் இந்தக் கேள்வி எங்க குடும்ப வாட்ஸ்அப் குரூப்ல ஒரு தடவையாவது வந்துடும். கனடாவுல இருக்கற என் சித்தி பொண்ணு ஜென்டர் ரிவீல் (பொறக்கப் போறது பையனா பொண்ணான்னு எல்லாருக்கும் அறிவிக்கற பார்ட்டி) வச்சு, பெரிய பலூனை குத்தி, ரோஸ் கலர் தூள் கொட்டி, அவ மாமியார் சந்தோஷத்துல அழுததை நாங்க எல்லாரும் வீடியோ கால்ல பாத்தோம். எனக்கும் அப்ப கண்ணு கலங்கிடுச்சு, அதுல ஒரு குத்தமும் இல்ல. அங்க அனாமலி ஸ்கேன் (குழந்தைக்கு ஏதாவது குறை இருக்கான்னு பாக்கற ஸ்கேன்) அப்போ "தெரிஞ்சுக்கணுமா, வேண்டாமா"ன்னு கேக்கறாங்க, இவ வேணும்னு சொன்னா, சொல்லிட்டாங்க, அவ்ளோதான். இந்த வழக்கத்தை 2008-ல கேக் வெட்டி ஆரம்பிச்சு வச்ச அமெரிக்காக்காரம்மா ஜென்னா கார்வுனிடிஸே 2019-ல இதை ஏன்டா ஆரம்பிச்சோம்ங்கற மாதிரி எழுதினாங்க, 2020-ல கலிபோர்னியாவுல ஒரு ரிவீல் பார்ட்டி வெடியில காடே பத்தி எரிஞ்சு ஒரு தீயணைப்பு வீரர் செத்தே போனாரு. அதெல்லாம் அவங்க ஊர் பிரச்சனை. நான் எழுத வந்தது எங்க ஊரைப் பத்தி, இங்க அப்படி சொல்றதே சட்டப்படி குத்தம்.

எனக்கு ரெண்டு பொண்ணுங்க. ரெண்டு தடவையும் தமிழ்நாட்டுலதான் ஸ்கேன், ரெண்டு தடவையும் யாரும் சொல்லல, நானும் கேக்கல. அப்படி சொல்லாம இருந்தது எனக்கு செஞ்ச பெரிய உபகாரம்னு நான் முழுசா நம்பறேன். பொறக்கும்போது தெரிஞ்சாத்தான் சந்தோஷம், சஸ்பென்ஸ்ல ஒரு த்ரில் இருக்குன்னு சொல்லுவாங்களே, நான் சொல்றது அது கிடையாது.

முதல் பிரசவத்துக்கும் ரெண்டாவதுக்கும் நம்ம வீடுகள்ல எவ்ளோ வித்தியாசம்னு ரெண்டு பெத்தவங்களுக்குத்தான் தெரியும். பெரியவ வயித்துல இருக்கும்போது எல்லாரும் "எதுவா இருந்தா என்னம்மா, நல்லபடியா பொறந்தா போதும்"னு சொன்னாங்க, வளைகாப்புல ஏழு வகை சாதம் கட்டி வந்து, கன்னத்துல சந்தனம் பூசி, கை நிறைய வளையல் போட்டு விட்டாங்க. ரெண்டாவதுக்கு எங்க பக்கம் வளைகாப்பு கிடையாது. ஆனா ஜோசியம் மட்டும் உண்டு, அதுவும் தெருவுக்கே உண்டு. பூக்காரம்மா கூடை இறக்கும்போதே என் வயித்தைப் பாத்து "கூம்பா இருக்குது கண்ணு, இது சிங்கக்குட்டி"ன்னு சொல்லுவாங்க. கீழ் வீட்டு பாட்டி நான் படியேறும்போது எந்தக் கால முதல்ல வைக்கறேன்னு பாப்பாங்க. பெரியவ முதல்ல பேசினது "அப்பா"வா "அம்மா"வா, அதை வச்சு அடுத்தது தம்பியா தங்கச்சியா சொல்லிடலாம்னு என் நாத்தனார் ஒரு சாயங்காலம் முழுக்க எல்லார்கிட்டயும் விசாரணை நடத்தினாங்க. மாங்கா பிடிக்குதா மைசூர்பாகு பிடிக்குதா, முகம் கறுத்துதா பளிச்சுன்னு இருக்கா, இடது பக்கம் உதைக்குதா வலது பக்கம் உதைக்குதா... எதைச் சொன்னாலும் முடிவு பையன்தான். ஏன்னா பெரியவ பொண்ணாச்சே, கணக்கு நேராகணுமே.

இதுல யாரும் கெட்டவங்க இல்ல, அதை அழுத்தி சொல்லணும். எங்க அத்தை (வீட்டுக்காரரோட அம்மா) பெரியவளை தரையில விடாம வளர்த்தவங்க. பண்ருட்டி பக்கம் கிராமம், முந்திரித் தோப்பு, கொஞ்சம் நிலம், பலா சீசன்ல வீடே மணக்கும். அவங்களுக்கே மூணு பொண்ணு பொறந்து அதுக்கப்புறம்தான் என் வீட்டுக்காரர். அந்த மூணு பொண்ணுக்கு நடுவுல அவங்க என்னென்ன பேச்சு கேட்டாங்கன்னு எனக்கு சொல்லியிருக்காங்க, மூணாவது பொறந்தப்போ மாமா ஆஸ்பத்திரிக்கே வரலியாம், பக்கத்து வீட்டுக்காரங்க வந்து டீ வாங்கிக் குடுத்தாங்களாம். அவ்ளோ பட்டவங்க எனக்கு எப்படி பையன் வேணும்னு ஆசைப்படறாங்கன்னு நான் ரொம்ப நாள் யோசிச்சிருக்கேன். பட்டதுனாலதான் ஆசைப்படறாங்க. நான் அதே பேச்சை கேக்கக்கூடாதுன்னு அவங்களுக்குத் தெரிஞ்ச ஒரே வழி அதுதான்.

சரி, ஸ்கேனுக்கு வரேன். அஞ்சாம் மாசத்துல எடுக்கற அனாமலி ஸ்கேன், சில இடத்துல டிஃபா ஸ்கேன்னு சொல்லுவாங்க, 18-ல இருந்து 20 வாரத்துக்குள்ள எடுப்பாங்க. அதுக்கு முன்னாடி ரிசப்ஷன்ல ஒரு ஃபார்ம் தருவாங்க, ஃபார்ம் எஃப்னு பேரு. வழக்கமா நர்ஸே ஃபில் பண்ணிட்டு "இங்க ஒரு கையெழுத்து"ன்னு விரலை வச்சுக் காட்டுவாங்க, நாமளும் படிக்காம போட்டுட்டு வருவோம். ரெண்டாவது தடவை கூட்டம் அதிகமா இருந்ததால உக்காந்து முழுசா படிச்சேன். பேரு, வயசு, அட்ரஸ், எதுக்காக ஸ்கேன், எத்தனை வாரம், எந்த டாக்டர் அனுப்பினாங்க எல்லாம் இருக்கு. நடுவுல ஒரு கேள்வி: உயிரோட இருக்கற குழந்தைங்க எத்தனை, அதுல பசங்க எத்தனை என்னென்ன வயசு, பொண்ணுங்க எத்தனை என்னென்ன வயசு. அந்தக் கட்டத்துல "பெண் 1"னு எழுதியிருந்ததைப் பாத்ததும் எனக்கு புரிஞ்சுபோச்சு, இந்த கவர்மென்ட்டுக்கு எங்க தெரு பூக்காரம்மா என்ன நினைக்கறாங்கன்னு நல்லாவே தெரியும். யார் வீட்டுல ஆபத்து அதிகம்னு தெரிஞ்சேதான் அந்தக் கேள்வியை வச்சிருக்காங்க. கடைசியில ஒரு உறுதிமொழி, என் கருவுல இருக்கற குழந்தை ஆணா பெண்ணான்னு தெரிஞ்சுக்க நான் விரும்பலன்னு நான் கையெழுத்து போடணும், நான் அதை கண்டுபிடிக்கவும் இல்ல யார்கிட்டயும் எந்த விதத்துலயும் சொல்லவும் இல்லன்னு டாக்டர் கையெழுத்து போடணும்.

உள்ள ரூம்ல ஏசி குளிரு, அதுக்கு மேல அந்த ஜெல் ஐஸ் மாதிரி வயித்துல. டாக்டரம்மா பேசாம பாத்துட்டே போனாங்க, ஒவ்வொண்ணுக்கும் கர்சரை வச்சு அளந்து ஒரு க்ளிக், தலை சுத்தளவு, தொடை எலும்பு, முதுகெலும்பு மணி மணியா கோத்த மாதிரி, இதயத்துல நாலு அறை, கிட்னி ரெண்டு, மூத்திரப்பை. பாப்பா குப்புற படுத்திருக்கு முகம் தெரியல, போய் ஏதாவது குடிச்சிட்டு கொஞ்சம் நடந்துட்டு வாங்கன்னு அனுப்பினாங்க, கேன்டீன்ல ஒரு மாம்பழ ஜூஸ் குடிச்சு, வராண்டாவுல நடந்து, மறுபடியும் வந்து படுத்தா உதடும் மூக்கும் தெரிஞ்சுது. அவங்க கால் பக்கமா ப்ரோபை நகத்தும்போது மட்டும் எனக்குத் தெரியும், அவங்களுக்கு இப்ப தெரிஞ்சிருக்கும். முகத்துல ஒரு அசைவு கூட இல்ல. அடுத்த அளவுக்குப் போயிட்டாங்க.

வெளியில வந்தா அத்தை பெஞ்சுல உக்காந்திருந்தாங்க, மடியில பெரியவ தூங்கறா. "ஏதாவது சொன்னாங்களா?"ன்னு மெதுவா கேட்டாங்க. "நல்லா இருக்காம் அத்தை, எல்லாம் சரியா இருக்காம்." "அது சரி... வேற ஏதாவது?" "அதெல்லாம் சொல்ல மாட்டாங்க அத்தை, சொன்னா அவங்க ஜெயிலுக்குப் போகணும், நம்மளும் போகணும்." அத்தை சுவத்துல மாட்டியிருந்த போர்டை ஒரு தடவை பாத்தாங்க. எல்லா ஸ்கேன் சென்டர்லயும் கட்டாயம் இருக்கற போர்டுதான், இங்கு கருவில் இருப்பது ஆணா பெண்ணா என்று சொல்லப்பட மாட்டாது, அது தண்டனைக்குரிய குற்றம்னு. "ஆமா ஆமா"ன்னுட்டு பையை எடுத்தாங்க. பேச்சு அங்கயே முடிஞ்சுபோச்சு.

நான் சொல்ல வர்றது மொத்தமும் அந்த ஒரு நிமிஷத்துலதான் இருக்கு. நான் அத்தைகிட்ட சண்டை போட வேண்டியதில்ல, பெண்ணுரிமை பேச வேண்டியதில்ல, "எனக்கு தெரிஞ்சுக்க விருப்பமில்ல"ன்னு சொல்லி "உனக்கென்ன அவ்ளோ திமிரு"ன்னு பேர் வாங்க வேண்டியதில்ல. சட்டம்னு ஒரு வார்த்தை எனக்கு பதிலா நின்னுச்சு. மாசமா இருக்கற ஒரு பொண்ணுக்கு, அதுவும் முதல்ல பொண்ணு பெத்த ஒருத்திக்கு, அந்த வீட்டுக்குள்ள கிடைக்கற ஒரே மறைவு அதுதான். இதை கனடாவுல இருக்கற தங்கச்சிக்கு எப்படி புரியவைக்கறது, அவளுக்கு இந்த மறைவு தேவைப்படல.

ஆனா நம்ம ஆளுங்க விட்டுடுவாங்களா. ரிப்போர்ட்டை கையில வாங்கினதும் அதுல இருந்து கண்டுபிடிக்கற வேலை ஆரம்பம். யூட்யூப்ல "ஸ்கேன் ரிப்போர்ட்டை வைத்து ஆணா பெண்ணா அறிவது எப்படி"ன்னு தேடினா கொட்டும். பிளாசென்டா ஆன்டீரியர்னா பொண்ணு, போஸ்டீரியர்னா பையன், ஹார்ட் பீட் 140-க்கு கீழன்னா பையன் மேலன்னா பொண்ணு... எல்லாம் கட்டுக்கதை. ஆன்டீரியர்னா நஞ்சு கர்ப்பப்பையோட முன்சுவர்ல ஒட்டியிருக்குன்னு அர்த்தம், போஸ்டீரியர்னா பின்சுவர்ல. அவ்ளோதான். குழந்தையோட ஹார்ட் பீட் வாரத்துக்கு வாரம் மாறும், அது தூங்குதா ஆடுதாங்கறதைப் பொறுத்து நிமிஷத்துக்கு நிமிஷம் மாறும். என் பெரியவளுக்கு எல்லா அடையாளமும் பையன்னு காட்டுச்சு, இந்த யூட்யூப் கணக்குப்படி.

இன்னொண்ணு, இதை எல்லா மாமியாருங்களுக்கும் ஒரு தடவையாவது யாராவது உக்கார வச்சு சொல்லணும். கருமுட்டையில எப்பவும் எக்ஸ் குரோமோசோம்தான் இருக்கும், விந்தணுவுலதான் எக்ஸ் இருக்கா ஒய் இருக்காங்கறது மாறும், சேர்ற அந்த நொடியிலயே முடிவாயிடுது. அதுக்கப்புறம் ஆறு ஏழு வாரம் வரைக்கும் கருவுல எல்லா குழந்தைக்கும் உறுப்பு ஒரே மாதிரிதான் இருக்கும், ஒய் குரோமோசோம்ல இருக்கற எஸ்ஆர்ஒய்ங்கற ஒரு ஜீன் வேலை செய்ய ஆரம்பிச்சாத்தான் விதைப்பையா மாறும், அந்த ஜீனை 1990-லதான் கண்டுபிடிச்சாங்க. கோயில் கோயிலா சுத்தி, அரசமரத்துல தொட்டில் கட்டி, விரதம் இருந்து, பையன் பெக்கலன்னு வீட்டை விட்டு துரத்தப்பட்ட பொண்ணுங்க எத்தனை தலைமுறை! அந்த முடிவுல அவங்க கையில எதுவுமே இல்ல. எங்க மாமாகிட்ட இதை ஒரு நாள் சொன்னேன், ரொம்ப நேரம் பேசாம இருந்துட்டு, "அப்ப மூணு தடவையும் என்னாலயா"ன்னு கேட்டாரு. ஆமா மாமான்னு சொன்னேன். உள்ள அடுப்படியில இருந்து அத்தை எட்டிப் பாத்தாங்க.

ஸ்கேன் முடிஞ்சு கொஞ்ச நாள்ல தூரத்து சொந்தம் ஒருத்தங்க வீட்டுக்கு வந்தாங்க. பேச்சோட பேச்சா "தர்மபுரி பக்கம் ஒரு ஆள் இருக்கான், கார்லயே கூட்டிட்டுப் போயிடலாம், அஞ்சு நிமிஷ வேலை"ன்னாங்க. எனக்கு அடிவயிறு சில்லுன்னு ஆயிடுச்சு. இது பேப்பர்ல வர்ற விஷயம்தான், தர்மபுரி, கிருஷ்ணகிரி, திருப்பத்தூர், கள்ளக்குறிச்சி பக்கம் தோட்டத்து வீட்டுலயோ வாடகை வீட்டுலயோ கையடக்க ஸ்கேன் மிஷினை வச்சு, டாக்டருக்கே படிக்காதவங்க பாத்து சொல்லி, பொண்ணுன்னா அங்கயே கலைக்கவும் செஞ்சு மாட்டினவங்களை போலீஸும் சுகாதாரத்துறையும் சேர்ந்து பிடிச்சிருக்காங்க. பிடிபட்ட ஆளே வெளிய வந்து மறுபடியும் அதையே செஞ்சு பிடிபட்ட கதையும் உண்டு. புரோக்கர் பஸ் ஸ்டாண்டுல ஏத்தி, போனை வாங்கி வச்சுக்கிட்டு, சுத்தி சுத்தி கூட்டிட்டுப் போவாங்களாம். அப்படி ஒரு இடத்துல ரத்தப்போக்கு ஆயிட்டா அந்தப் பொண்ணோட கதி என்ன?

அன்னைக்கு பேசினது எங்க மாமா. "அதெல்லாம் வேணாம்மா, கேஸ் ஆயிடும், பேப்பர்ல பேர் வந்துடும்"னாரு. நியாயம் அநியாயம்னு அவர் பேசல, கேஸ்னுதான் பேசினாரு. எனக்கு அது போதும். கருவுல ஆணா பெண்ணான்னு பாக்கறதை தடுக்கற அந்த சட்டத்துல (பிசிபிஎன்டிடி சட்டம்னு பேரு) தெரிஞ்சுக்கணும்னு கூட்டிட்டுப் போற புருஷனுக்கும் சொந்தக்காரங்களுக்கும் முதல் தடவைக்கே 3 வருஷம் வரைக்கும் ஜெயில், 50,000 ரூபாய் வரைக்கும் அபராதம், மறுபடியும் செஞ்சா 5 வருஷம், 1 லட்சம். டாக்டருக்கு ஜெயிலோட சேர்த்து பதிவே போயிடும். இதுல எனக்கு ரொம்ப பிடிச்சது 24-வது பிரிவு, ஒரு பொண்ணு இப்படி டெஸ்ட் எடுத்தான்னா, வேற மாதிரி நிரூபிக்கற வரைக்கும், புருஷனோ சொந்தக்காரங்களோ கட்டாயப்படுத்தித்தான் எடுத்தான்னு கோர்ட் எடுத்துக்கணும். நம்ம வீடு எப்படி நடக்குதுன்னு புரிஞ்சு எழுதின சட்டம் அது.

இந்த சட்டம் சும்மா வந்துடல. 1970-கள்ல குழந்தைக்கு கோளாறு இருக்கான்னு பாக்க பனிக்குட நீரை எடுத்து டெஸ்ட் பண்ற முறை இந்தியாவுக்கு வந்துச்சு, வந்த கொஞ்ச நாள்லயே அது பொண்ணா பையனான்னு பாக்கறதுக்கு திரும்பிடுச்சு. 80-கள்ல வட இந்தியாவுலயும் பம்பாயிலயும் பகிரங்கமா விளம்பரம், இப்ப ஐநூறு ரூபா செலவு பண்ணுங்க, பின்னாடி வரதட்சணையில பெரிய தொகை மிச்சம்ங்கற தொனியில. பெண்கள் அமைப்புங்க தெருவுல இறங்கி போராடி மகாராஷ்டிராவுல 1988-ல முதல் சட்டம், 1994-ல நாடு முழுக்க சட்டம், 1996 ஜனவரி 1-ல இருந்து அமல். அமல்னா பேருக்குத்தான், ஒண்ணும் நடக்கல. 2000-ல சேஹத், மாசும்ங்கற ரெண்டு தொண்டு அமைப்பும், இதை எதிர்த்துப் போராடிட்டு இருந்த டாக்டர் சாபு ஜார்ஜும் சுப்ரீம் கோர்ட்டுக்குப் போனாங்க, அதுக்கப்புறம்தான் ஸ்கேன் மிஷினை எல்லாம் பதிவு பண்ண வச்சாங்க, 2003-ல சட்டத்தை இறுக்கி திருத்தினாங்க, கரு உண்டாகறதுக்கு முன்னாடியே பையனா தேர்ந்தெடுக்கறதையும் தடை பண்ணாங்க. வார்த்தையாலயோ சைகையாலயோ வேற எந்த வழியிலயோ சொல்லக்கூடாதுன்னு இருக்கறதும் காரணமாத்தான். லட்டு வாங்குங்கன்னா பையன், ஜிலேபி வாங்குங்கன்னா பொண்ணுன்னு வடக்க சொல்லிட்டு இருந்திருக்காங்க.

வடக்க வடக்கன்னு நாம தப்பிச்சுக்க முடியாது. உசிலம்பட்டியும் சேலமும் தர்மபுரியும் நம்ம ஊருதான். கள்ளிப்பால் நம்ம ஊருதான். பொறந்த பெண் குழந்தையை கொல்லாதீங்க, எங்ககிட்ட குடுத்துடுங்கன்னு ஒரு அரசாங்கமே தொட்டில் வைக்க வேண்டி வந்துச்சு, 1992-ல சேலத்துல. எவ்ளோ பெரிய அவமானம் அது, எவ்ளோ பெரிய காரியமும் கூட. 2001 கணக்கெடுப்புல ஆறு வயசுக்குள்ள இருக்கற 1000 பசங்களுக்கு தர்மபுரியில 826 பொண்ணுங்க, சேலத்துல 851. இயற்கையா பாத்தா 950 பக்கம் இருக்கணும். 2011-ல இந்த ரெண்டு மாவட்டமும் 900-ஐ தாண்டிடுச்சு, நல்ல விஷயம். ஆனா அதே 2011-ல தமிழ்நாட்டுலயே கடைசியில நின்னது யார் தெரியுமா, கடலூர் 896, அரியலூர் 897. கடலூர்னா எங்க பண்ருட்டி இருக்கற மாவட்டம். அதுக்கு பத்து வருஷம் முன்னாடி, 2001-ல, நல்லா இருந்த மாவட்டம். கள்ளிப்பாலுக்கு பேர் போகாத ஊரு எங்க ஊரு, அப்பறம் எப்படி குறைஞ்சுதுன்னா ஸ்கேன்தான். வீதிக்கு வீதி சென்டர் வந்துச்சு, சொல்றவங்களும் இருந்திருக்காங்க. தமிழ்நாடு மொத்தத்துக்கும் பாத்தா 2001-ல 942, 2011-ல 943, பரவால்லையேன்னு தோணும், உள்ள போய் மாவட்டம் மாவட்டமா பாத்தாத்தான் வயிறு எரியும்.

அந்த இல்லாமப் போன குழந்தைங்க யாருன்னு ஒரு கணக்கு இருக்கு. 2006-ல லான்செட்ங்கற மருத்துவப் பத்திரிகையில வந்துச்சு, நாடு முழுக்க 11 லட்சம் குடும்பங்கள்ல எடுத்த சர்வே, 1997-ல பொறந்த குழந்தைங்களை வச்சு. முதல் குழந்தை பொண்ணா இருந்த வீட்டுல ரெண்டாவதா பொறந்தது 1000 பசங்களுக்கு 759 பொண்ணுங்க. முதல் ரெண்டும் பொண்ணுன்னா மூணாவது 719. முதல் குழந்தை பையனா இருந்த வீட்டுல இந்தக் குறைவே கிடையாது. அதை படிச்சப்போ எனக்கு ரெண்டாவது நாலு மாசம். ஃபார்ம்ல "பெண் 1"னு எழுதியிருந்த வரிசையில நானும் என் வயித்துல இருந்தவளும்தான் நிக்கறோம்.

இதனாலதான் சில பெரியவங்க பேசறதைக் கேட்டா எனக்கு கோவம் வருது. 2016-ல அப்போ மத்திய அமைச்சரா இருந்த மேனகா காந்தி, எல்லாருக்கும் கட்டாயமா டெஸ்ட் பண்ணி ஆணா பெண்ணான்னு பதிவு பண்ணிட்டு, அந்தப் பொண்ணு கடைசி வரைக்கும் பெத்தாளான்னு கண்காணிக்கலாமேன்னாங்க. 2024-ல ஐஎம்ஏ (இந்திய மருத்துவர்கள் சங்கம்) தலைவரும் இந்தத் தடையை எடுத்துட்டு, பெண் கருன்னா கண்காணிச்சு காப்பாத்தலாம்ங்கற மாதிரியே சொன்னாரு. கேக்க நல்லாத்தான் இருக்கு. நான் எங்க வீட்டை வச்சு யோசிச்சுப் பாக்கறேன். அஞ்சாம் மாசத்துல ரிப்போர்ட்ல பெண்ணுன்னு எழுதி கையில குடுத்து அனுப்பிட்டா, அதுக்கப்புறம் நான் அந்த வீட்டுல நாலரை மாசம் இருக்கணும். யார் எனக்கு மீன் குழம்பு வச்சுத் தருவா? யார் மாத்திரை போட்டியான்னு கேப்பா? இரும்புச்சத்து மாத்திரை, செக்கப், ஒரு கிளாஸ் பால், பகல்ல படுக்க ஒரு மணி நேரம், இதெல்லாம் எங்க கிராமத்துல பையனுக்காக தர்றதுதான், பையனா இருக்கலாம்ங்கற நம்பிக்கைக்காக தர்றது. நர்ஸம்மா மாசத்துக்கு ஒரு தடவை வந்து பதிவேட்டுல டிக் அடிச்சா அந்த நாலரை மாசத்தை காப்பாத்திட முடியுமா? படியில விழுந்துட்டா, தானா கலைஞ்சிடுச்சுன்னு சொன்னா எந்த அதிகாரி எந்த கம்ப்யூட்டர்ல கண்டுபிடிப்பாரு? அப்பறம் சந்தேகம் மொத்தமும் அந்தப் பொண்ணு மேலதான் விழும். நிஜமாவே கரு கலைஞ்சு அழுதுட்டு இருக்கறவளை போலீஸ் விசாரிக்கும். இப்ப இருக்கற சட்டம் மிஷினை பிடிக்குது, டாக்டரை பிடிக்குது, புருஷனை பிடிக்குது. அவங்க சொல்றது வயித்தைப் பிடிக்குது. எனக்கு எது பாதுகாப்புன்னு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்ல.

டாக்டருங்க படற கஷ்டமும் தெரியும், என் தோழி ஒருத்தி ரேடியாலஜிஸ்ட், ஸ்கேன் பாக்கற டாக்டர். ஃபார்ம்ல ஒரு கட்டம் விட்டுப்போனா மிஷினுக்கே சீல், கேஸ்னு அவ புலம்பறது நியாயமான புலம்பல்தான். அது வெறும் எழுத்துப் பிழை, அதுக்கு குற்றவாளி மாதிரி நடத்தாதீங்கன்னு மகப்பேறு டாக்டருங்க சங்கம் சுப்ரீம் கோர்ட் வரைக்கும் போச்சு, 2019-ல கோர்ட் ஒத்துக்கல, அந்தப் பதிவேடுதான் இந்த சட்டத்தோட உயிர்னு சொல்லிடுச்சு. கோர்ட் சொன்னதுல எனக்கும் சம்மதம், அந்த காகிதம் இல்லன்னா யாரு எப்ப எதுக்கு ஸ்கேன் எடுத்தாங்கன்னு தேட வேற தடயமே கிடையாது. ஆனா ஒண்ணு, பெண் கருவை காப்பாத்தறோம்ங்கற பேர்ல தேவைக்கு கருக்கலைப்பு கேட்டு வர்ற பொண்ணுங்களை எல்லாம் சந்தேகமா பாக்கறதும், மருந்துக் கடையில அந்த மாத்திரையே இல்லன்னு விரட்டறதும் தப்பு. கருக்கலைப்புக்கு 1971-லயே நம்ம நாட்டுல தனியா சட்டம் போட்டாங்க, அந்த சட்டம் சொல்ற வரம்புக்குள்ள அது உண்டு. ரெண்டும் வேற வேற சட்டம். ரெண்டையும் போட்டு குழப்பிக்கறதுல அடிபடறது மறுபடியும் அதே பொண்ணுதான்.

நிஜமாவே டெஸ்ட் எடுக்க வேண்டிய குடும்பங்களும் இருக்கு. ஹீமோபீலியா (ரத்தம் சரியா உறையாத நோய்), டூஷேன் தசைநலிவு மாதிரி நோயெல்லாம் பெரும்பாலும் பசங்களைத்தான் தாக்கும், அம்மா வழியா வரும். அப்படி இருக்கற வீட்டுக்கு பதிவு பண்ண ஜெனடிக் சென்டர்ல அந்த நோய் இருக்கான்னு டெஸ்ட் எடுக்க சட்டத்துலயே வழி இருக்கு. ஆக மொத்தம் டெஸ்டே கூடாதுன்னு சட்டம் சொல்லல, எதுக்காகன்னு கேக்குது. 2024 மே மாசம் நம்ம தமிழ் யூட்யூபர் ஒருத்தர் துபாய்ல டெஸ்ட் எடுத்து இங்க வந்து பார்ட்டி வச்சு வீடியோ போட்டப்போ, சுகாதாரத்துறை நோட்டீஸ் அனுப்பி, அவர் வீடியோவை எடுத்துட்டு மன்னிப்பு கேட்டாரு. அப்ப "பாவம், சந்தோஷமா கொண்டாடினது ஒரு குத்தமா"ன்னு நிறைய பேர் எழுதினாங்க. அவர் வீட்டுல எந்தக் குழந்தையா இருந்தாலும் கொண்டாடியிருப்பாங்க, நான் நம்பறேன். ஆனா அதை லட்சக்கணக்குல பாக்கறவங்கள்ல எங்க தூரத்து சொந்தமும் ஒருத்தங்க. அவங்களுக்கு அது கொண்டாட்டமா தெரியாது, துபாய்ல சொல்றாங்களாம்ங்கற தகவலா தெரியும்.

சின்னவ பொறந்தது ஒரு மழைநாள் விடியக்காலையில. நர்ஸ் வெளிய வந்து "மகாலட்சுமி பொறந்திருக்கா"ன்னு சொன்னாங்க, இந்த வாக்கியத்தை ஆஸ்பத்திரியில எதுக்கு இப்படி சொல்றாங்கன்னு எல்லாருக்கும் தெரியும். அத்தை அன்னைக்கு சாயங்காலம் வரைக்கும் அதிகம் பேசல. சாப்பாடு கொண்டு வந்தாங்க, ஃப்ளாஸ்க்ல வெந்நீ வச்சாங்க, எதுத்த பெட்டுல பையன் பொறந்தவங்க குடுத்த சாக்லேட்டை வாங்கி பையில போட்டாங்க. எனக்கு பயமா இருந்துச்சு. ராத்திரி சின்னவ விடாம அழுதப்போ எழுந்து வந்து தூக்கிக்கிட்டு, மூக்கை அமுக்கிப் பாத்து, "எங்க அம்மா மூக்கு இது"ன்னு சொன்னாங்க. மறுநாள்ல இருந்து குளிக்க வைக்கறது, சாம்பிராணி போடறது, கண்ணுக்கு மை வைக்கறது எல்லாம் அவங்கதான், வேற யாரையும் தொட விடல. ரத்தமும் சதையுமா கையில வந்த பேத்தி மூக்கோட வந்தா. அஞ்சாம் மாசத்துல ஒரு காகிதத்துல "பெண்"ணுன்னு மட்டும் வந்திருந்தா, அந்த மூக்கு இருந்திருக்காது. அத்தை அப்ப என்ன செஞ்சிருப்பாங்கன்னு நான் அவங்ககிட்ட கேக்கல, கேக்கவும் மாட்டேன், அவங்களை அந்த இடத்துல நிறுத்தாம விட்டதே அந்த சட்டம் அவங்களுக்கும் செஞ்ச நல்லது.

ரெண்டும் பொண்ணு, இதோட போதும்னு ஆபரேஷன் பண்ணிக்கிட்டேன். முதலமைச்சரோட பெண் குழந்தை பாதுகாப்புத் திட்டத்துல தகுதி இருந்தா ரெண்டு பொண்ணுங்க பேர்லயும் தலா 25,000 டெபாசிட் பண்ணுவாங்க, ஒரே பொண்ணுன்னா 50,000, விவரத்தை சமூக நலத்துறையில கேட்டுக்கங்க, வயசு வரம்பு இருக்கறதால தள்ளிப் போடாதீங்க.

இப்ப என் ஓரகத்திக்கு ரெண்டாவது. அவளுக்கும் முதல்ல பொண்ணு. அதே தூரத்து சொந்தம் மறுபடியும் அதே ஆளைப் பத்தி பேச ஆரம்பிச்சிருக்காங்க, இந்த தடவை ஊரு மட்டும் வேற. நான் அவகிட்ட தனியா உக்காந்து 24-வது பிரிவைப் பத்தி சொன்னேன், நீ போகலன்னு சொன்னா உன் பக்கம் சட்டம் நிக்கும், உன்னை கூட்டிட்டுப் போனவங்கதான் மாட்டுவாங்கன்னு. புகார் பண்ணணும்னா மாவட்டத்துல மருத்துவ நலப்பணிகள் இணை இயக்குநர் ஆபீஸ்தான் இதுக்கு பொறுப்பு, ஜேடி ஆபீஸ்னு கேட்டா யாரும் சொல்லுவாங்க, இல்லன்னா 104-க்கு போன் பண்ணலாம், வீட்டுல மிரட்டறாங்க அடிக்கறாங்கன்னா 181. மூணையும் அவ போன்ல வேற வேற பேர்ல சேவ் பண்ணிக் குடுத்துட்டு, நான் ஜேடி ஆபீஸ்ல அந்த ஊர் பேரையும் புரோக்கர் நம்பரையும் எழுதிக் குடுத்துட்டேன்.